நிணநீர்ப் புற்றில் குரோமோசோம் இடமாற்றம்

பிறழ்ச்சி என்றவுடன் குறையோ மிகையோ நம் நினைவிற்கு வருதல் இயல்பு. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றிற் காணப்பெறும் குரோமோசோம் பிறழ்ச்சிகள் பலவற்றில் இருக்க வேண்டியது இருக்கவே செய்கிறது. அதன் இடமே மாறியுள்ளது. இதனைப் பர்க்கிட் லிம்போமாவைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

உகாண்டாவின் கம்பாலா நகரில் அறுவை மருத்துவராயிருந்த டெனிஸ் பர்க்கிட், சிறுவர்தம் தாடையில் விரைந்து வளரும் கட்டிகளைப் பற்றி 1958இல் எழுதினார். அந்நோயுற்ற உயிரணுக்களில் 14ஆம் குரோமோசோம் ஒன்று வழக்கத்தினும் நீண்டிருத்தலை 1972இல் மனோலோவ், மனோலோவா ஆகிய இருவரும் சுவீடனில் கண்டனர். மிகையாக ஒட்டியிருந்த துண்டு 8ஆம் குரோமோசோமின் முனையினின்று முறிந்து வந்தது என்பதை 1976இல் லோரே செக்கும் உடனாய்ந்தோரும் காட்டினர். 14ஆம் குரோமோசோமின் முனைத்துண்டும் 8ஆவதிற் சென்று ஒட்டுகிறது. இருபாலும் நிகழ்வதாகலின் ‘இடப்பெயர்ச்சி’ என்பதினும் ‘இடமாற்றம்’ என்பதே இதற்குத் தக்க சொல்லாகும்.

வந்தொட்டிய துண்டில் உள்ளது ‘மிக்’ என்னும் மரபணு என்பது 1982இல் தெளிவாயிற்று. உயிரணுவைப் பெருகுமாறு ஏவுதல் அதன் தொழில். வேண்டாதபோது அஃது அடங்கியிருக்கும். அது சென்று சேரும் இடமோ, இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதத்தின் மரபணு உள்ள இடம். நிணநீர் அணுக்களுள் ஒருவகையாகிய பி அணுவில் அவ்விடம் ஊக்கத்தோடு இயங்குவது. அதன் ஏவலுக்குட்பட்ட மிக் மரபணுவும் அடங்காது இயங்க, அணுக்கள் பெருகிக்கொண்டே செல்கின்றன. சிறுபான்மை 2ஆம் அல்லது 22ஆம் குரோமோசோமோடு மாற்றம் நிகழும். ஆண்டும் இருப்பவை இம்யூனோகுளோபுலின் மரபணுக்களே.

அவ்விடத்தில் முறிவு நேர்வது ஏன்? எதிர்ப்புரதங்களைப் பல்வகையாக ஆக்கும்பொருட்டுப் பி அணு அம்மரபணுவைத் தானே வெட்டி ஒட்டும் இயல்பினது. அவ்வினை பிழைபடுமிடத்து வேறு துண்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஏடு ஒன்றும் குறையாமல் இடம்மாறிக் கோக்கப்பட்ட சுவடியைப் பதிப்பாசிரியர் அறிவர். ஏடுகளை எண்ணிப் பார்ப்பார்க்கு அக்குற்றம் புலப்படாது. ஆயினும் இவ்வுவமை முற்றும் பொருந்துவதன்று. இடம்மாறிய மிக் மரபணுவில் எழுத்துப்பிழை போன்ற சிறு மாற்றங்களும் பின்னர்ச் சேர்வதுண்டு.

ஃபாலிக்குலர் லிம்போமாவில் 14ஆம் குரோமோசோமின் அதே இடத்திற்கு 18ஆவதிலுள்ள பி.சி.எல். 2 மரபணு வருகிறது. இஃது உயிரணுவின் இறப்பைத் தடுப்பது. ஆதலின் இந்நோய் பெரும்பாலும் மெல்ல வளரும். நோயிலார் குருதியிலும் இம்மாற்றமுடைய அணுக்கள் சில காணப்படுதலின், இடமாற்றம் ஒன்றே நோய்க்குப் போதிய காரணம் எனல் பொருந்தாது. நோயறியும் மருத்துவர்க்கோ இது பெருந்துணை. நுண்ணோக்கியில் பர்க்கிட் லிம்போமாவை ஒத்துத் தோன்றும் பிற லிம்போமாக்கள் உள. மருத்துவமுறை வேறுபடுதலின், மிக் மரபணு இடம்மாறியுள்ளதா என்பதனையும் ஆய்ந்தே இன்று நோயின் வகையைத் துணிகின்றனர்.