தலையிலும் நெருப்பு... காலிலும் நெருப்பு!

கேக் எங்கே வேகும், செல்லங்களே? 'பேக்கரியில்!' என்று கத்துவீர்கள். 'எங்க வீட்டு ஓவனில்' என்பார்கள் சிலர். 'எங்கம்மா குக்கரில் உப்பு பரப்பி, அதற்குள்ளே செய்வாங்களே' என்று ஒரு குரலும் கட்டாயம் வரும். எல்லாம் சரிதான். ஆனால், வெட்டவெளியில் கரி அடுப்பில் கேக் செய்ய முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் பல வீடுகளின் பின்பக்கத் தோட்டத்தில் 'கிரில்' என்று ஓர் அடுப்பு இருக்கும். கீழே கரி, மேலே கம்பி வலை. இறைச்சி, மீன், சோளக்கதிர் எல்லாம் அதில் சுடுவார்கள். கோடையில் ஓவனைப் போட்டால் வீடே கொதிக்கும் அல்லவா? அதனால் கேக்கையும் வெளியிலேயே செய்துவிடுகிறவர்கள் உண்டு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கம்பி வலை மேல் கேக் டின்னை அப்படியே தூக்கி வைத்தால் என்ன ஆகும்? அடி கருகிப் போகும். மேலே மாவு மாவாகவே இருக்கும். தோசை என்றால் திருப்பிப் போடலாம். கேக்கைத் திருப்ப முடியாதே! கீழே இருக்கும் நெருப்பை மேலேயும் கொண்டுவர வேண்டும். அதற்கு என்ன வழி?

கல்யாண வீட்டில் பிரியாணிக்கு 'தம்' போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அண்டாவை மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் பரப்புவார் சமையல்காரர். சூடு மேலிருந்தும் இறங்கும், கீழிருந்தும் ஏறும். பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே முறையில் ஒரு கேக்கே செய்கிறார்கள். பெயர் 'பிபிங்கா'. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்து, வாழை இலை விரித்த மண் சட்டியில் ஊற்றுவார்கள். சட்டிக்கு அடியிலும் தணல், மூடித் தகட்டின் மேலும் தணல்! டிசம்பர் 16 முதல் 24 வரை அங்கே விடியற்காலையில் தேவாலயப் பூசை நடக்கும். பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வாசலிலேயே சுடச்சுட பிபிங்கா கிடைக்கும். வாழை இலை வெந்த மணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்கள் 'டச்சு ஓவன்' என்னும் கனமான வார்ப்பிரும்புப் பானையை வண்டியில் எடுத்துப் போனார்கள். தணல் உருண்டு விழாதபடி அதன் மூடிக்கு விளிம்பு உண்டு. யூட்டா மாநிலம் 1997-ல் இதைத் தன் மாநிலப் பாத்திரமாகவே அறிவித்துவிட்டது! இதில் கேக் வேகவைக்க ஒரு கணக்குச் சொல்வார்கள். பானையின் அகலம் எத்தனை அங்குலமோ, அதைப் போல இரு மடங்கு கரித்துண்டுகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு மூடி மேல், ஒரு பங்கு அடியில். அப்படியென்றால் 12 அங்குலப் பானைக்கு? 24 துண்டுகள், மேலே 16, கீழே 8. மேலே ஏன் அதிகம்? சூடு இயல்பாகவே மேல்நோக்கிப் போகும். அடியில் அதிகம் வைத்தால் கேக் தீய்ந்துவிடும். பின்னக் கணக்கு எதற்கு என்று இனி யாரும் கேட்கக் கூடாது!

இனி கிரில்லுக்கு வருவோம். பழைய கிரில்கள் திறந்த தட்டு போல இருந்தன. காற்றடித்தால் சாம்பல் பறக்கும், மழை வந்தால் சமையலே நின்றுவிடும். சிகாகோ பக்கத்தில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை பார்த்தார். தண்ணீரில் மிதக்கும் மிதவைகளுக்காக அங்கே இரும்புக் கோளங்கள் செய்வார்கள். 1952-ல் அவர் ஒரு கோளத்தை இரண்டாக்கி, கீழ்ப் பாதிக்குக் கால்கள் வைத்தார். மேல் பாதியை மூடியாக்கினார். உருண்டை மூடி போட்ட கிரில் பிறந்தது!

அந்த மூடிதான் கேக்குக்கு உயிர். மேலே போகும் சூடான காற்று குவிந்த மூடியில் முட்டி, உள்ளேயே சுழலும். மூடியும் காய்ந்து, மேலிருந்து சூட்டை இறக்கும். அடுப்பே ஓவனாகிவிடுகிறது. மூடியிலும் அடியிலும் காற்றுத் துளைகள் உண்டு. துளையைத் திறந்தால் நெருப்பு ஏறும், பாதி அடைத்தால் தணியும். கேஸ் அடுப்புக்குத் திருகு மாதிரி இதற்குத் துளை.

கரியை நடுவில் கொட்டக் கூடாது. இரண்டு ஓரங்களிலும் ஒதுக்கிவிட்டு, காலியான நடுப்பகுதிக்கு மேலே டின்னை வைக்க வேண்டும். உள்ளே 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. கரி நன்றாகப் பற்றி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் டின் உள்ளே போகும். அதற்கு முன் வைத்தால் கேக்கில் புகை வாடை ஏறிவிடும். நேற்று மீன் சுட்ட கம்பியை இன்று தேய்க்காமல் விட்டாலோ... மீன் கேக்தான்!

டின்னுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். மாவில் பேக்கிங் பவுடர் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்பவர் 1843-ல் ஒரு பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். ஏன் தெரியுமா? அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பவுடரில் உள்ள சோடாவும் அமிலமும் ஈரத்தில் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு குமிழ்களை உண்டாக்கும். சூடு பட்டதும் குமிழ்கள் பெருத்து மாவைத் தூக்கும். அதே நேரத்தில் முட்டையும் மாவும் வெந்து இறுகி, குமிழ்களைச் சுற்றிச் சுவர் எழுப்பும். சுவர் இறுகும் முன்னே மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் சூடு வெளியே ஓடிவிடும், குமிழ்கள் சுருங்கும், கேக் நடுவில் குழிந்துவிடும். ஆகவே, முதல் 25 நிமிடம் எட்டிப் பார்க்கவே கூடாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஜன்னலை எட்டிப் பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை; கேக் விஷயத்தில் பொறுக்கத்தான் வேண்டும்.

இட்லி வெள்ளையாகவும் கேக் பழுப்பாகவும் இருப்பது ஏன்? இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும். கேக்கின் மேல்தோலோ அதைத் தாண்டிச் சூடாகிறது. அப்போது மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. இதை 1912-ல் விளக்கியவர் பிரான்ஸ் நாட்டின் லூயி காமிய் மய்யார்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் எடுத்துவரவே கூடாது. மழை கொட்டினாலும் சரி, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தாலும் சரி. கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாது. வட இந்தியாவில் குளிர்காலத்தில் கரி மூட்டிய அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் இறந்துபோன செய்தி மறுபடி மறுபடி வருகிறது. தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அப்படி யாருக்காவது தலை சுற்றினால், உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். அடுப்பு மூட்டுவதும், மூடி திறப்பதும், டின் எடுப்பதும் பெரியவர்கள் வேலை. மாவு கலப்பதும் கடிகாரம் பார்ப்பதும் உங்கள் வேலை.

நாற்பது நிமிடம் ஆனதும் சுத்தமான ஈர்க்குச்சியைக் கேக்கின் நடுவில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்கலாம். பிறகு காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், காற்றில்லாமல் நெருப்பு அணைந்துவிடும். மறுநாள் சாம்பலைத் தட்டிப் பாருங்கள், பாதிக் கரி அப்படியே இருக்கும். அடுத்த கேக்குக்கு ஆகும்.