சாயாத தலைகீழ் மரம்

கணக்குப் பாடத்தில் 'கணம்' படிச்சோமே, ஒரே உறுப்பு அதில் இரண்டு முறை வராது. அப்படி ஒரு கணத்தை ஏறுவரிசை குலையாமல் வைக்க, கணிப்பொறிக்குள் ஒரு மரம் வளர்க்கிறார்கள். ஆனால் வேர் மேலே, கிளை கீழே! விதி சுலபம்: சின்ன எண் இடப்பக்கம், பெரிய எண் வலப்பக்கம்.

20, 10, 30 என்று போட்டால் அழகான மரம். 10, 20, 30 என்று வரிசையாகவே போட்டால்? எல்லாம் வலப்பக்கமே இறங்கி, மரம் ஒற்றைக் கயிறாகத் தொங்கும். இப்படிப் பத்து லட்சம் எண்கள் போட்டால், கடைசி எண்ணைத் தேடப் பத்து லட்சம் படி இறங்கணும்!

1962-இல் இதற்கு வழி சொன்னவர்கள் சோவியத் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிசும். அவர்கள் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளால் இது 'ஏ.வி.எல். மரம்'. எந்தக் கணுவிலும் இரண்டு பக்க உயரங்களின் வித்தியாசம் 1-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடனே திருப்பி நிமிர்த்தணும்.

நோட்டில் வரைந்து பார்த்தேன். 10, 20 வரை சரி. 30 வந்ததும் சாய்ந்தது. 20-ஐ மேலே தூக்கி, 10-ஐ இடப்பக்கம் இறக்கினேன். சமமாயிடுச்சு!

இனி எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை. பத்து லட்சம் இருந்தாலும் 28 படிக்குள் தேடிடலாம்!

1 முதல் 7 வரை நீங்களே வரிசையாகப் போட்டு வரையுங்கள். உச்சியில் 4 வந்தால், நீங்கள் பாஸ்!