உலையில் இடும் முன் ஒரு பிடி

எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பனையோலைக் கொட்டான் இருக்கும். ஆச்சி உழக்கால் அரிசியை அளப்பாள். களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து வலது கையால் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லிவிட்டுக் கொட்டானில் போடுவாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதற்குப் பிறகுதான் உலை. சோறு பொங்குகிற ஒவ்வொரு வேளையும் இது நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் கொட்டானை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுவாள். வாசலில் ஒரு பெரிய கடகப்பெட்டி வைத்திருப்பார்கள். வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டானைக் கவிழ்ப்பார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று அதற்கப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் பனங்காட்டு ஊர். பதநீர் இறங்கும் மாதங்களில் கையில் காசு புழங்கும். பனை ஓய்ந்துவிட்டால் வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு வந்துவிடும். அப்படி ஒரு மாதத்தில், ஐந்து பேருக்குக் கஞ்சி வைக்க ஒரே உழக்கு அரிசி இருந்தது. ஆச்சியின் கை வழக்கம்போல அரிசிக்குள் போனது.

“இன்னைக்கு மட்டும் வேண்டாமே ஆச்சி” என்றேன். எனக்கு அப்போது எட்டு வயது, நல்ல பசி.

“பிடி சின்னதாகலாம் மக்களே. இல்லாமப் போயிரக் கூடாது.”

மூன்று விரலில் ஒட்டிய அளவு அரிசியை எடுத்துப் போட்டாள். அன்றைக்குக் கஞ்சியில் அந்தக் குறை தெரிந்ததா என்பது நினைவில் இல்லை. அந்த மூன்று விரல் மட்டும் நினைவில் இருக்கிறது. விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருந்தும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

ஒரு பிடியின் வரலாறு

பிடி அரிசி எடுத்து வைப்பது தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான அறம். காஞ்சி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைக்கச் சொன்னவர். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவப் பெண்கள் இந்த அறத்தை ஆண்டவருக்குச் செய்யும் காணிக்கையாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பெரிய வேலைகள் காத்திருந்தன. வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாக 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். வெள்ளைக்காரர் பணம் வந்தால்தான் ஊழியம் நடக்குமா, நம்மால் முடியாதா என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு, தமிழ் ஊர்களின் காணிக்கையில் ஊழியர்கள் போனார்கள். பின்னர் அசரியாவும் அங்கேயே போனார். 1912இல் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அங்கே அவருடைய சபையில் பெரும்பாலோர் கூலி வேலை செய்த ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களிடத்திலும் இந்தக் கைப்பிடி அரிசி வழக்கம் வேரூன்றியது. வாங்கியே பழகிய கை, கொடுக்கிற கையாக நிமிர்ந்தது.

இதே வழக்கம் மிசோரம் மலைகளில் 1910இல் தொடங்கியது. அங்கே இன்றும் அது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அந்த அரிசியை விற்று அங்குள்ள பிரஸ்பிட்டீரியன் திருச்சபை ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஊழியம் நடத்துகிறது.

மிச்சத்தில் எடுப்பதல்ல

வேதாகமத்தில் சாறிபாத் ஊர் விதவையின் கதை வரும். பஞ்சகாலம். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் மிச்சம். அதை அப்பமாக்கி மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எலியா தீர்க்கதரிசி, முதலில் எனக்கு ஒரு சின்ன அடை செய்து கொடு என்கிறார். கல்நெஞ்சுக்காரர் கேட்பதுபோல இருக்கும். ஆனால் அந்த ‘முதலில்’ என்ற சொல்லில்தான் கதையே இருக்கிறது.

சாப்பிட்டு மீந்ததைக் கொடுப்பது இரக்கம், அதுவும் நல்லதுதான். உலையில் இடும் முன் எடுத்து வைப்பது வேறு. நாளைக்கும் சோறு கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அது முடியும். ‘கொடு, பத்து மடங்காகத் திரும்ப வரும்’ என்று இப்போது ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஆச்சி ஒருநாளும் அப்படிக் கணக்குப் பார்த்துப் போட்டதில்லை. அவள் கடைசிவரை ஏழையாகவே இருந்தாள். கடைசிவரை கொட்டானை நிறைத்தாள்.

வேலிப் பனை

இந்த ‘முதலில்’ அரிசியோடு நிற்பதில்லை. எங்கள் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் இடையே வேலியில் நின்ற ஒரு பனையால் சண்டை. மரம் யாருடையது என்று ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு, குடும்ப ஜெபம் முடிந்ததும் தாத்தா அரிக்கேன் விளக்கை எடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு சின்னத்தாத்தா வீட்டுக்கு நடந்தார். திண்ணையில் உட்காரக்கூட இல்லை.

“நாளைக்கு இராப்போஜனம் இருக்குல்லா தம்பி. உன்கிட்ட முகம் கொடுக்காம நான் எப்படி அங்க போய் முழங்கால் போட முடியும்?”

சின்னத்தாத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, “ஏட்டி, அண்ணனுக்குக் காப்பி போடு” என்றார். ஒரு வருஷம் அவர் ஏறுவது, ஒரு வருஷம் இவர் ஏறுவது என்று கருப்பட்டிக் காப்பியோடு முடிந்தது அந்த வழக்கு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது இயேசு மலையில் சொன்ன போதனை. தாத்தா அதை விளக்கிச் சொல்லக்கூடியவர் அல்ல. விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தெரிந்தவர்.

இன்று திருமண்டலத் தேர்தல் வந்தால், ஒரே பந்தியில் உட்கார்ந்து அசனம் சாப்பிட்டவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆலயச் சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக நீளுகின்றன. சாதி பார்த்து இடம் ஒதுக்குகிற கல்லறைத் தோட்டங்கள் இன்னமும் இருக்கின்றன. இவற்றைச் சொல்லாமல் எளிய விசுவாசத்தைப் பற்றி எழுதினால் அது உண்மையாகாது. அந்த அரிக்கேன் விளக்கு எங்கே போயிற்று என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்க வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அசரியா 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தபோது இருவரும் வரதட்சணை வேண்டாம் என்றார்கள். கல்யாணச் செலவு 40 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் வேத வசனம் அச்சாகிறது. அதற்கு முன்பே எத்தனை பவுன் என்பது பேசி முடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சு நடக்கும் அறையில் ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொல்வாரானால், அதுவே அந்த வீட்டின் சிறந்த ஆராதனை.

பெயர் எழுதாத கல்

களக்காட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். 1901இல் அங்கே வந்து, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்கும் தாயாக இருந்தவர் ஏமி கார்மைக்கேல். 1951இல் இறக்கும் வரை அவர் தாய்நாடான அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. தன் கல்லறையில் கல் எதுவும் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டும்.

எனக்கு அந்தத் தொட்டியும் எங்கள் ஊர்க் கடகப்பெட்டியும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. மின்விசிறியின் இறக்கையில்கூட நன்கொடையாளர் பெயர் எழுதுகிற காலத்தில், பெயரில்லாமல் கொடுப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. ஒரு பிடி அரிசி அந்தப் பயிற்சி. கடகத்தில் விழுந்த பிறகு அது ஆச்சியின் அரிசி அல்ல, ஊரின் அரிசி.

குக்கர் வீட்டில்

இப்போது நான் இருப்பது நகரத்தில். அரிசி 25 கிலோ பையில் வருகிறது. குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையில் அளக்கிறோம். காணிக்கை மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. தவறாமல் போகிறது. ஆனால் என் கைக்கு அது தெரிவதே இல்லை என்பது சில வருடங்களுக்கு முன் ஒருநாள் உறைத்தது.

அன்று முதல் அரிசிப் பையின் பக்கத்தில் ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் அது தெருமுனையில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போகும். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் மதத்தவரும் அல்லர். ஆச்சி இருந்திருந்தால் அவர் யார், எவர் என்று கேட்டிருக்கவே மாட்டாள்.

சென்ற வாரம் என் மகள், தானே போடுகிறேன் என்று வந்தாள். பையில் கையை விட்டு எடுத்தாள். சின்னக் கை, விரலிடுக்கில் பாதி சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கிப் போட்டாள். இன்னொரு பிடி எடுக்கப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எத்தனை பிடி போட்டாப் போதும்பா?”

“இன்னைக்கு ஒண்ணு போதும்டா. நாளைக்கு மறக்காம இன்னொண்ணு.”