எழுத்து சரி, பொருள் தவறு

களியக்காவிளையில் கடை போர்டுகள் தமிழில். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிச் சில நிமிடங்களில் பாறசாலை, போர்டுகள் மலையாளம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக்கோடு நிலத்தைத்தான் பிரித்தது, பேச்சை அல்ல. இன்றும் இரு பக்கமும் இரண்டு மொழிகளும் புழங்குகின்றன.

இங்கே தமிழில் எழுதுபவருக்குச் செல்போனின் பிழைதிருத்தி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? பாதி தூரம்தான்.

ல, ள, ழ குழப்பம் இங்கே பெரிய தொல்லை இல்லை. மலையாளம் இந்த ஒலிகளை இன்றும் தெளிவாகப் பிரித்தே உச்சரிக்கிறது. ர, ற வேறுபாடும் அப்படியே. ஆபத்து காத்திருப்பது வேறு இடத்தில்: இரு மொழிக்கும் பொதுவான சொற்களில்.

தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு. மலையாளத்தில் வெறும் தண்ணீர். அவசரம் அங்கே வாய்ப்பு. சம்சாரம் அங்கே பேச்சு. ‘எங்கள் தெருவில் ஒரு வாரமாக வெள்ளம் இல்லை’ என்று ஒருவர் எழுதினால் பிழைதிருத்தி ஒரு கோடும் போடாது. குடிநீர் கேட்கும் மனு, வெள்ளம் வடிந்த நற்செய்தியாகிவிடும்!

இது வெறும் வேடிக்கை அல்ல. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தரப்பட வேண்டும். அந்த உரிமை பயன்பட, எழுதியது புரிய வேண்டும்.

அடுத்தது வினைமுற்று. மலையாளத்தில் நான், அவள், அவர்கள் மூவருக்கும் ‘வந்நு’ ஒன்றே போதும். தமிழிலோ வந்தேன், வந்தாள், வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் ‘மழை பெய்து, சுவர் இடிந்து’ என்று எழுதி நிறுத்தினால், படிப்பவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். ஒவ்வொரு சொல்லும் அகராதியில் உள்ளதுதான்; வாக்கியம்தான் முடியவில்லை.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் தப்பவில்லை. ‘நாளை ஆஸ்பத்திரிக்கு வருவாள்’ என்பது ‘வருவான்’ ஆனால் ஆளே மாறிவிடுகிறார். ஓர் ஒற்று கூடினால், ‘வேலை கொடுத்தான்’ என்ற முதலாளி ‘வேலைக் கொடுத்தான்’ என்று ஈட்டி நீட்டுகிறார்.

கருவிகளைக் குறை சொல்வதற்கில்லை. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழைகளைக் காட்டுகிறது. அவருடைய ‘நாவி’ சந்திப்பிழைகளைக் கவனிக்கிறது. விரல் தவறியதைப் பிடிக்க இவை நல்ல துணை. ஆனால் எழுதியவர் மனதில் இருந்தது தண்ணீரா, பெருக்கா என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

வாட்ஸ்அப் செய்திக்கு நன்னூல் வேண்டாம்தான். யார், என்ன, எப்போது என்பது புரிந்தால் போதும். அதற்கு எளிய வழி, அனுப்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பது. பாறசாலையில் எழுதியதைச் சென்னையில் ஒருவர் படிக்கப்போகிறார் என்றால், இரண்டு முறை.