கண்டிப் பகுதி வயல்களில் வத்தகைச் செய்கை: காலமும் பசளையும்

பெரும்போக நெல் அறுவடையானதும், கண்டியைச் சூழ்ந்த வயல்களிற் பல சிறுபோகத்தில் மரக்கறித் தோட்டங்களாக மாறுகின்றன. போஞ்சி, கறிமிளகாய், பாகல் ஆகியவற்றோடு வத்தகையையும் செய்து பார்க்கலாமா எனக் கமக்காரர் சிலர் கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் எங்கும் செய்யலாகாது, எப்பொழுதும் செய்யலாகாது. பழம் சப்பென்றிருந்தால் விதையைக் குறைகூறுவோர் பலர். விதையிட்ட திகதியைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே.

வத்தகை ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்த கொடி. அதற்கு வெயிலும், வெப்பமும், வடிந்து நிற்கும் மண்ணும் வேண்டும். நமது தீவில் அது பெரும்பாலும் வரண்ட வலயத்திற் செய்யப்படுவதன் காரணம் இதுவே. கண்டி நகரோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒற்றோபர் முதல் டிசம்பர் வரை அங்கு மழை மிகுதி. இக்கொடியின் பெண் பூ ஒரேயொரு நாட் காலையில் மட்டும் மலர்ந்து, பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அன்று காலை மழை பெய்தால் தேனீ வாராது. தேனீ வாராவிடின் பிஞ்சு உதிரும். எஞ்சி நிற்பதும் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும். எனவே மழைக்காலத்திற் பூக்கும் கொடிக்கு எவ்வளவு பசளை இட்டும் பயனில்லை.

கண்டி என்று பொதுவாகச் சொன்னாலும் மழை எங்கும் ஒன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்று தனது நீரை மலையின் மேற்குச் சரிவிலே கொட்டுகிறது. ஆதலின் நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கங்களில் யூன், யூலை மாதங்கள் ஈரமானவை. அங்கு இப்பயிரை நாம் சொல்லமாட்டோம். குண்டசாலை, திகன, தெல்தெனியா எனக் கிழக்கே விரியும் தும்பறைப் பள்ளத்தாக்கில் அதே மாதங்கள் பெரிதும் வரண்டிருக்கும். இன்னும் கிழக்கே இறங்கினால் ஹசலக்க, மினிப்பேச் சமவெளி. அது வெயிலும் வாய்க்கால் நீரும் ஒருங்கே கிடைக்கும் இடம். இப்பகுதிகளிற் சித்திரை மழையின் ஈரத்தைக் கொண்டு மே மாதத்தில் விதையிட்டால், கொடி ஓடி, பூத்து, காய் பருக்கும் நாட்களில் வானம் தெளிந்திருக்கும்.

சந்தையை நினைத்துத் திகதியை மாற்றுவோர் உளர். முஸ்லிம் மக்களின் நோன்பு மாதத்தில் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டிக் கடைகளில் வத்தகப்பழத்துக்கு நல்ல கிராக்கி உண்டு. 2026ஆம் ஆண்டில் அம்மாதம் பெப்ரவரி, மார்ச்சில் அமைகிறது. அதற்குப் பழம் வேண்டுமானால் மாரி மழையின் நடுவே விதையிட வேண்டும். நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், அடுத்து வரும் ஆண்டுகளில் அது மழைக்குள் இன்னும் ஆழமாகப் புகும். குத்தகைக் காசு கட்டி அந்த விலையைத் துரத்துவது மலைநாட்டுக் கமக்காரருக்கு ஏற்றதன்று. அதற்கு மாறாகக் கண்டி எசல பெரஹராவை நோக்குக. யூலை, ஓகத்தில் நிகழும் அவ்விழாவுக்கு நகரம் நிரம்பி வழியும். அவ்வாண்டின் திகதியறிந்து 80, 85 நாட்கள் பின்னோக்கி எண்ணி விதையிடலாம். அக்காலத்தில் வரண்ட வலயத்துப் பழமும் சந்தைக்கு வருமாதலால் விலை மிக உயருமென எதிர்பார்க்க வேண்டாம். வண்டிக் கூலி குறைவதே நமக்குள்ள ஆதாயம்.

வரட்சி நீளாத இடத்திற்குக் குறுகிய வயதுள்ள இனமே தக்கது. 1950களில் அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில் உருவான சுகர் பேபி, கரும்பச்சைத் தோலும் சிவந்த சதையும் உடையது, ஏறக்குறைய 80 நாட்களில் முதிரும், பழம் சிறியது. கன்சாஸ் மாநிலத்தில் 1963இல் வெளியிடப்பட்ட கிறிம்சன் சுவீற் என்னும் வரியுள்ள இனம் பெரும் பழம் தருவது, வாடல் நோயை ஓரளவு தாங்குவது; ஆயினும் அதற்குக் கூடிய நாட்கள் வேண்டும். தும்பறையில் முதன்முறை செய்வோர் சிறிய இனத்தோடு தொடங்குதல் நன்று.

இனிப் பசளை. நெல்லிற் பழகிய கை, இலை சற்று வெளிறியதும் யூரியாவைத் தேடும். நெல்லுக்குப் பொருந்தும் அவ்வழக்கம் வத்தகைக்குப் பொருந்தாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. கொடி ஓடும் முதல் வாரங்களில் அது வேண்டும். பின்னரும் மிகுத்து இட்டால் கொடி கொழுக்கும், பெண் பூ பிந்தும், பழம் முதிர நாளாகும். சிலவேளை பழத்தின் நடுவே பிளவும் காணும். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிற் கோழி எருவைத் தாராளமாக இடுவர். அவ்வெருவிலும் நைதரசன் உண்டென்பதை மறந்து யூரியாவையும் முழு அளவில் இடுவது இருமடங்கு இடுவதாகும். புதிய கோழி எரு நாற்றை எரிக்கவும் கூடும். நன்கு மக்கியதையே, விதையிடுமுன் குழி மண்ணோடு கலக்குக.

வத்தகை மிகுதியாக எடுக்கும் சத்து பொற்றாசியம். இலை செய்யும் சீனியைக் காய்க்குக் கொண்டுசேர்க்க அது உதவுகிறது. மியூறியேற்று ஒவ் பொற்றாசில் நூற்றுக்கு 60 பங்கு பொற்றாசு உண்டு. அதில் ஒரு பகுதியை அடிக்கட்டாகவும், மீதியைப் பூக்கும் காலத்தை ஒட்டியும் இடுதல் முறை. பொசுபேற்று முழுவதையும் அடிக்கட்டாகவே இடலாம்; நீண்டகாலம் மரக்கறி செய்த நிலங்களில் அது முன்னரே தேங்கியிருப்பதுண்டு. ஆகவே ஏக்கருக்கு எவ்வளவு என்பதை அயலவரைக் கேட்டு முடிவு செய்யாது, மண்ணைப் பரிசோதிப்பித்து, உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் அறிக. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும், அதன்பின் ஏறிய விலையையும் அனுபவித்தவர்களுக்கு, வீணாகும் ஒரு பிடி யூரியாவின் பெறுமதி தெரியும்.

வத்தகப்பழத்தில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதிலேதான் அதன் தரமெல்லாம் அடங்கியுள்ளது: 100 கிராமில் 6 கிராம் அளவு சீனி, 8 மில்லிகிராம் அளவு உயிர்ச்சத்து சி, சிவந்த சதைக்கு நிறந்தரும் லைக்கோப்பின். மஞ்சட் சதை இனங்களில் லைக்கோப்பின் மிகக் குறைவு. சீனி வெயிலில் இலை ஆக்குவது. மேகமூட்டமான நாட்களிற் பருத்த பழம், நிறையில் ஒத்திருந்தாலும் இனிப்பிற் குறையும். மரக்கறிச் சந்தையில் நிறைக்கே காசு என்பது உண்மை. ஆயினும் சப்பென்ற பழத்தை ஒருமுறை வாங்கியவர் அக்கடைக்கு மறுமுறை வருவதரிது.

வயல் மண் கனமானதாகையால் பாத்தியை உயர்த்திச் சுற்றிலும் வடிகால் வெட்டுக. காய் பருக்கும்போது நீரை ஒரே அளவாகப் பாய்ச்சுக. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென மிகுந்த நீர் சேர்ந்தால் பழம் வெடிக்கும். அறுவடைக்கு முந்திய ஒரு வாரம் நீரைக் குறைத்தால் இனிப்புக் கூடும்.

பழத்தைக் காலமறிந்தே கொய்க. கொய்தபின் சதையின் சிவப்பு சற்றுக் கூடக்கூடும், இனிப்புக் கூடாது. காம்பினருகே உள்ள பற்றுச்சுருள் காய்ந்திருத்தல், நிலத்திற் பட்ட பக்கம் வெண்மை மாறி மஞ்சளாதல், தட்டினால் மந்தமான ஓசை எழுதல் என்பன முதிர்ச்சியின் அடையாளங்கள். மூன்றும் ஒருங்கே தோன்றிய பழத்தைக் காம்பிற் சிறிது விட்டுக் கத்தியால் வெட்டி, வைக்கோல் பரப்பிய வண்டியில் அடுக்குக. பள்ளத்தாக்கின் வளைந்த வீதிகளில் உருண்டு உட்சதை கலங்கிய பழத்தை வெளியிலிருந்து பார்த்தறிய இயலாது.