சும்மா கிடக்கும் கணினிக்கு ஒரு வேலை

தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் நாம் ஆளுக்கொரு நிரையைப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? அவ்விதமே பெரிய கணக்கொன்றைத் துண்டு துண்டாக்கி, உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. ‘போயிங்க்’ என்று பெயர். அமெரிக்காவில், பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

2010-இல் இதன் வழியே இயங்கும் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில், ஓர் அமெரிக்கத் தம்பதியரின் கணினியும் ஜெர்மானியர் ஒருவரின் கணினியும், அதுவரை யாரும் அறியாத, சுழன்றபடி வானொலி அலை வீசும் விண்மீன் ஒன்றைக் காட்டிக் கொடுத்தன. ஏன் இரண்டு கணினிகள்? ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி, விடை ஒத்து வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கணினி இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். மின்னேற்றும்போது மட்டும் இயங்கும்படி வைக்கலாம். ஆனால் கைப்பேசி சூடேறும், மின்கட்டணமும் சற்றுக் கூடும். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை.

கணக்குப் போடுவது மட்டுமே தொண்டன்று. புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லலாம். புதியவர்களின் ஐயம் தீர்க்கலாம். திரையில் வரும் சொற்களைத் தத்தம் மொழிக்கு மாற்றித் தருபவர்களும் தொண்டர்களே. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் போதும்.