இசைவாணி எல்லா பிட்ஸ்ஜெரால்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1935-ம் ஆண்டையடுத்து, ஏறக்குறையப் பதினைந்து வாத்தியக்காரர் ஒருங்கு கூடி நடனசாலைகளில் முழக்கிய ஜாஸ் இசை பெரிதும் பரவியிருந்தது. அத்தகைய குழுக்களிற் பாடிப் புகழெய்தியோருள் எல்லா பிட்ஸ்ஜெரால்டு அம்மையார் தலைசிறந்தவர்.

கறுப்பினத்தவராகிய இவர் வர்ஜீனியா மாகாணத்து நியூபோர்ட் நியூஸ் நகரில் 1917-ம் ஆண்டு பிறந்தார். இளமையில் தாயை இழந்து, நியூயார்க்கில் ஆதரவற்று அலைந்தார். 1934-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அப்போலோ அரங்கில் நடைபெற்ற போட்டியொன்றில் நடனமாடக் கருதிச் சென்றவர், தமக்கு முன் ஆடிய சகோதரிகளின் திறமையைக் கண்டு அஞ்சினார், ஆயினும் மேடையை விட்டு ஓடாது, ஆடுவதற்கு மாறாகப் பாடினார், முதற்பரிசும் பெற்றார்.

மறு ஆண்டில், டிரம் வாத்திய நிபுணரான சிக் வெப் என்பார் குழுவிற் சேர்ந்தார். குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டொன்றைப் புதுக்கி இவர் 1938-ல் பாடிய இசைத்தட்டு நாடெங்கும் பரவிற்று. 1939-ல் வெப் இறக்க, இருபத்திரண்டே வயதினரான இவர் பெயராலேயே அக்குழு 1942 வரை நடைபெற்றது. சொற்களை விடுத்துப் பொருளற்ற அசைகளால் குரலை வாத்தியம்போல் இயக்கும் 'ஸ்கேட்' முறையிலும் இவர் இணையற்று விளங்கினார்.

பதின்மூன்று கிராமி விருதுகள் பெற்ற இவ்வம்மையார் 1996-ல் காலமானார். அஞ்சிய இடத்திலேயே நின்று, தம்மிடமுள்ள பிறிதோர் ஆற்றலை நாடினமையன்றோ இத்துணைப் புகழுக்கும் வித்தாயிற்று!